பொறுங்க சேர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிக்கமாட்டார், கூச்சப்படுவார். அவர் கூச்சப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தொல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. பொறுங்க சேர். உபவேந்தரின் சாரதி முதல் கன்டீன்காரர் வரை எல்லாரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர் அதுதான் உண்மையான பெயர் என்று நினைத்து, ஒருநாள் நேருக்கு நேராகவே "வணக்கம் பொறுங்க சேர்" என்று சொல்லிவிட்டார். இவர் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டார்.

நிர்வாகக் கட்டடத்தின் கடைசி அறை அவருடையது. வாசலில் "நன்கொடையாளர் தொடர்பு ஒருங்கிணைப்பு அலகு" என்று ஒரு பலகை. பலகை வாசலைவிட அகலமாக இருந்ததால் ஒரு பக்கம் நீண்டு யன்னலையும் மறைத்துக்கொண்டிருந்தது. அவருடைய வேலை இதுதான்: வசதியுள்ள ஒருவரிடம் பல்கலைக்கழகத்துக்காக எதையாவது கேட்கவேண்டுமென்றால், யார் கேட்பது, எப்போது கேட்பது, என்ன கேட்பது என்று தீர்மானிப்பது. நான் அங்கே புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து இந்த மூன்று கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பொறுங்க."

அந்த அலகு உருவான கதையைச் சொல்லாவிட்டால் அவரை விளங்கிக்கொள்ள முடியாது. லண்டனில் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் கல்குடாவில் ஹோட்டல் கட்டவென்று வந்து தங்கியிருந்தார். செய்தி பரவிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை அவர் சாரம் உடுத்தபடியே பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், படலையடியில் மூன்று பீடாதிபதிகள் நிற்கிறார்கள். விவசாய பீடத்துக்கு உழவு இயந்திரம் வேண்டும், கலைப் பீடத்துக்கு நாடக அரங்கம் வேண்டும், விஞ்ஞான பீடத்துக்கு நுணுக்குக்காட்டிகள் வேண்டும். மூவரும் ஒருவரையொருவர் கண்டதும், கடல் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்களாம். லண்டன்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கேட்டாராம்:

"ஒரே இடத்தில இருந்துதானே எல்லாரும் வாறீங்க? உள்ளுக்குள்ள கதைச்சி ஒராள அனுப்ப ஏலாதா உங்களுக்கு?"

சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திவிட்டார். அந்தக் கேள்வி எங்கள் உபவேந்தரின் நெஞ்சில் தைத்தது. அடுத்த வாரமே சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் எந்தக் கொடையாளரையும் யாரும் தன் இஷ்டத்துக்குப் போய்ப் பார்க்கக்கூடாது. அலகு ஒவ்வொருவரையும் ஒரு பீடத்துக்கு ஒதுக்கும். ஒதுக்கப்பட்டவர் என்ன தந்தாலும் அது அந்தப் பீடத்துக்குத்தான். மற்றவர்கள் அவரைக் கண்டால் சிரிக்கலாம், அதற்கு மேல் கூடாது.

பரீட்சைக் கிளையில் இருந்த இவரை அந்தப் பதவிக்குத் தெரிந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. மட்டக்களப்பில் எந்தப் பெரிய வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் இவர் அங்கே நிற்பார். செத்த வீட்டுக்குப் பந்தல் போடும்போது கயிறு பிடிப்பார், கல்யாண வீட்டில் இலை போடுவார், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் மாமன்மாரைத் தேடிக் கூட்டிவருவார். பல வீடுகளில் அவரைச் சொந்தக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். எல்லாரையும் தெரிந்தவர் எல்லாரிடமும் கேட்பார் என்று உபவேந்தர் கணக்குப் போட்டார். எங்களுக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது.

அவர் பதவியேற்றதும் விதியைச் சட்டத்தைவிடக் கடுமையாக நடத்தினார். விலங்கியல் பேராசிரியர் ஒருவர் மீன் சந்தையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரைக் கண்டு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டார். ஒப்பந்தக்காரர் வேறு பீடத்துக்கு ஒதுக்கப்பட்டவர். மறுநாள் பேராசிரியரை அலகுக்கு அழைத்தார்கள். நான் வேறு வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன கதைச்சீங்க சேர்?"

"கணவாய் விலை."

"விலைய அவராச் சொன்னாரா, நீங்க கேட்டீங்களா?"

"நான்தான் கேட்டன்."

"கேட்டிட்டீங்களா!" என்று இவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பொறுங்க எண்டு எத்தின தரம் சொன்ன நான். கணவாயில தொடங்கினா அது கட்டடத்தில போய் நிக்கும். ஆள் இன்னும் பழுக்கல்ல சேர்."

பழுப்பதுதான் அவருடைய அளவுகோல். கொடையாளர்களை அவர் காய், செங்காய், பழம் என்று பிரித்து வைத்திருந்தார். புதிதாக அறிமுகமானவர் காய். வீட்டு விசேடத்துக்கு இவரை அழைக்கத் தொடங்கிவிட்டால் செங்காய். பழுத்த பிறகுதான் கேட்கலாம். நான் பார்த்தவரை எல்லாரும் செங்காயாகவே இருந்தார்கள். ஒரே ஒருமுறை, ஓய்வெடுத்துவிட்ட மர வியாபாரி ஒருவரைப் பழம் என்று எழுத்தில் அறிவித்தார். விவசாய பீடம் ஆயத்தமாவதற்குள் மர வியாபாரி மாரடைப்பில் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவரும், சாம்பல் அள்ளும் காடாத்து முடியும்வரை நின்றவரும் பொறுங்க சேர்தான். உழவு இயந்திரத்தைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அலகு தொடங்கிய பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் நன்கொடை ஒரு சட்டி எருமைத் தயிர். அதற்குப் பிறகு புது அரிசி, மாம்பழம், வாகரைக் கருவாடு என்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் இவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். இவரும் தனக்கென்று எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். அலுவலகத்தில் எல்லாருக்கும் பங்கிடுவார். பல்கலைக்கழகத்துக்கு ஒரு செங்கல்லும் வராவிட்டாலும், நிர்வாகக் கட்டடத்தில் வேலைசெய்தவர்கள் அந்த வருடங்களில் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அதனால் அவரைத் திட்டுவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் அவர்மீது முழுதாகக் கோபப்பட முடியாமல் போனதற்கு ஒரு தேநீர் காரணம். கன்டீனில் அவர் எப்போதும் சீனியில்லாத தேநீர்தான் குடிப்பார். சீனி வருத்தம் என்று எல்லாரும் அனுதாபப்பட்டோம். ஒருமுறை அவருடைய வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி கேட்காமலே சீனியை அள்ளிப்போட்டுக் கொடுப்பதையும், இவர் கண்ணை மூடி ரசித்துக் குடிப்பதையும் கண்டேன்.

"சேர், உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"இல்லயே மிஸ். கன்டீனில அவங்க போடுறல்ல."

"போடச் சொல்லிக் கேக்கலாமே?"

நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டதைப் போல அவர் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சின்ன வயசில அகதி முகாமில இருந்த நாங்க மிஸ். கோப்பையத் தூக்கிக்கொண்டு வரிசையில நிண்டு கேட்டு வாங்கித் திண்டு வளந்த ஆள் நான். அதுக்குப் புறகு கேக்க வாய் வாறல்ல."

நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டேன். சீனி கேட்கத் தெரியாத மனிதரை, ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் கேட்டுக்கொடுக்கும் வேலையில் போட்டிருக்கிறோம். ஒதுக்கீடு, அனுமதி, காய், செங்காய் எல்லாம் அவர் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட மதில் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. யாருமே கேட்காவிட்டால் அவரும் கேட்கவேண்டி வராது.

இந்த மதில் எவ்வளவு உறுதியானது என்பதற்கு நானே சாட்சி. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பொறியியலாளர் ஒருவர் எங்கள் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தானாகவே கேட்டார்: "இஞ்ச என்னவும் தேவையெண்டாச் சொல்லுங்க, செய்றன்." விஞ்ஞான பீடத்தின் கூரையில் அப்போது நீலப் பொலித்தீன் போட்டுக் கட்டியிருந்தது. பொறுங்க சேர் கைகூப்பிக்கொண்டு சொன்னார்: "ஐயோ, ஒண்டும் வேணாம் சேர். நீங்க வந்து பாத்ததே எங்களுக்குப் பெரிய விசயம்." பொறியியலாளர் திருப்தியாகப் போய், தன்னுடைய ஊர்க் கோயிலுக்கு மின்பிறப்பாக்கி வாங்கிக்கொடுத்தார். உபவேந்தர் விளக்கம் கேட்டபோது இவர் சொன்ன பதிலை நான் எழுதவேண்டியதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் போயிருக்கும், மகளிர் விடுதிப் பொறுப்பு என் தலையில் விழாதிருந்தால். விடுதியில் இடமில்லாத முதலாம் வருட மாணவிகளைப் பல்கலைக்கழகம் ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தது. வன்னி, மலையகம், வாகரை என்று தூரத்தில் இருந்து வந்த பிள்ளைகள். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது, வீட்டை அவளுக்குக் கொடுக்கவேண்டும், மாரிக்கு முன்பு எழும்பிவிடுங்கள் என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. ஆனால் அரசாங்க வாடகைக்கு இன்னொரு வீடு தர ஒருவரும் தயாரில்லை. இடம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். இரண்டு பேர் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டார்கள். ஒருத்தியின் தகப்பன் தொலைபேசியில், "படிச்சது போதும், வரச்சொல்லுங்க" என்று என்னிடமே சொன்னார்.

வளாகத்துக்குப் பக்கத்தில், வாவிக்கரையில், மாடிவீடு ஒன்று பூட்டிக்கிடந்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவருடையது என்று ஊரே சொன்னது. நான் நேரே அலகுக்குப் போனேன்.

"அவர் முகாமைத்துவ பீடத்துக்கு ஒதுக்கப்பட்டவர் மிஸ். குளிரூட்டின மாநாட்டு மண்டபம் ஒண்டு கேக்க இருக்காங்க."

"எப்ப கேக்கப்போறாங்க?"

"ஆள் இன்னும் செங்காய்."

"சேர், மாரி வரப்போகுது. என்ட புள்ளயள் எங்க போற?"

அவர் முகம் வாடிவிட்டது. பொறுங்க என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சலுகை தந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் முதலாளியின் வீட்டுக்குப் போகிறார், நானும் கூட வரலாம். தேநீர் குடிக்கலாம், மழையைப் பற்றிக் கதைக்கலாம். வீட்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. நான் தலையாட்டினேன். தலையாட்டும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி வாட்டசாட்டமான, கலகலப்பான மனிதர். கதிரையை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். பொறுங்க சேர் வவுணதீவு வயல்வட்டையில் விதைப்பு முடிந்ததா என்று தொடங்கி, வாய்க்கால், எருமை, யானைவேலி என்று நெல்வயலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முதலாளியின் மனைவி வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர், "அம்மா, தேத்தண்ணி நல்லா இருக்கு" என்றார். பல்கலைக்கழகத்தில் இருந்து அந்த வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அந்த அம்மாவிடம் இதுவரை பேசிய பேச்சு அது ஒன்றுதான். மறுபடியும் எருமை தொடங்கியது. என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை.

"ஐயா, அந்த வாவிக்கர வீட்ட எங்கட பொம்புளப் புள்ளயளுக்குத் தருவீங்களா?"

பொறுங்க சேர் அவசரமாக வெற்றிலை வட்டாவை என் பக்கம் தள்ளினார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வாசலில் நின்ற மனைவியைக் காட்டினார்.

"என்னட்டக் கேட்டு என்ன பிரயோசனம் புள்ள? அந்த வீடு அவட. ஆலை நிக்கிற வளவு அவட தாய்ர. வவுணதீவு வட்டையும் அவக்கு வந்ததுதான். நான் ஆரையம்பதியில இருந்து ஒரு பெட்டியோட வந்த மாப்பிள்ள."

"இத்தின காலமும் ஏன் ஐயா சொல்லல்ல?"

"நீங்க ஆர் கேட்ட? எருமையப் பத்தித்தானே கேட்டீங்க."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இது எங்களில் ஒருவருக்கும் தெரியாத விசயம் இல்லை. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்வழியில் போவது. கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவான். நான் இருப்பது என் அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு, என் கணவர் வந்து இருப்பவர். உபவேந்தர் இருப்பது அவருடைய மனைவியின் வீட்டில். பொறுங்க சேரும் அப்படித்தான். எங்கள் ஆண்கள் எல்லாரும் மனைவியின் கிணற்றில் குளித்து, மனைவியின் வயல் நெல்லில் சோறு சாப்பிட்டுவிட்டு, காலையில் அலுவலகத்துக்கு வந்து கணவன்மாரின் பெயரில் கோப்புத் திறந்தார்கள். பெண்ணாகப் பிறந்த நானும் முதலாளியைத்தான் கேட்டேன். அந்த நிமிடம் எனக்குக் காது சுட்டது.

நான் எழும்பி அந்த அம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"இரி கிளி. நான் தரமாட்டன் எண்டு சொல்லல்ல. மகளுக்கெண்டு கட்டின வீடு அது. அவள் கனடாவில, இனி வரமாட்டாள். பொம்புளப் புள்ளக்கிக் கட்டின வீட்டில பொம்புளப் புள்ளயள் இருந்தாச் சந்தோசம்தான். ஆனா நீ கேட்டு நான் தரமாட்டன்." கையை நீட்டிப் பொறுங்க சேரைக் காட்டினார். "இவர் கேக்கட்டும்."

"அம்மா, நான்..." என்று இவர் இழுத்தார்.

"எங்கட அம்மா செத்த அண்டைக்குப் பந்தலுக்குக் கயிறு புடிச்சது நீங்க. மகள்ர கல்யாணத்தில ஓடி ஓடி இலை போட்டது நீங்க. இந்த வீட்டில ஒரு வாய் தண்ணி கேட்டுக் குடிச்சிருக்கீங்களா? குடுத்தாக் குடிப்பீங்க, குடுக்காட்டி விக்கிக்கொண்டு இருப்பீங்க. சொந்தக்காரன் எண்டா உரிமையோட கேப்பான். எங்கள நீங்க சொந்தமா நினைக்கல்ல, அதுதான் கேக்கல்ல. எனக்கு அது எவ்வளவு கவல தெரியுமா?"

பொறுங்க சேர் வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். நுனியைக் கிள்ளினார், காம்பைக் கிள்ளினார், நரம்பை உரித்தார், கடைசியில் கையில் வெற்றிலையே இல்லை. நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. எனக்கு என் பிள்ளைகளின் பெட்டிகள் கண்ணுக்கு முன்னால் நின்றன. கேளுங்கள் சேர், ஒரே ஒரு வார்த்தை, கேட்டுத் தொலையுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் வாயைத் திறந்தார்.

"பொறுங்க" என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழும்பி விறுவிறுவென்று வெளியே போனார். ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. முகமெல்லாம் நனைந்து, சட்டையும் நனைந்து திரும்பி வந்தார். கதிரையில் உட்காரவில்லை. அந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அக்கா" என்றார். அதுவரை அவர் அந்த அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. "புள்ளயளுக்கு இருக்க இடமில்ல அக்கா. அந்த வீட்டத் தாங்க."

"எடுங்க தம்பி" என்று அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி, ஒரு சாவியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இதக் கேக்கவா இவ்வளவு காலம்?"

பொறுங்க சேர் சாவியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். முதலாளி எழும்பி அவருடைய தோளில் தட்டி, "சரி சரி, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்க. நண்டு வாங்கியிருக்கன்" என்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக நான் ஊரில் சொல்லித் திரிந்தேன். அது பொய். அந்த அம்மாதான் பார்த்து ஊற்றினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி நீங்கள் தப்பாக நல்லபடி நினைத்துவிடுவீர்கள். வீடு கிடைத்த செய்தி வந்ததும் உபவேந்தர் கூட்டம் கூட்டினார். விடுதிப் பொறுப்பாளர் என்பதால் என்னையும் அழைத்தார்கள். முகாமைத்துவ பீடாதிபதி சுற்றுநிருபத்தோடு வந்திருந்தார்.

"இந்தக் கொடையாளர் எங்கட பீடத்துக்கு ஒதுக்கப்பட்டவர். அவர் எதைத் தந்தாலும் எங்களுக்குத்தான். வீட்டை இடித்துவிட்டு மாநாட்டு மண்டபம் கட்டலாம். வாவிப் பக்கம் பார்த்த மாதிரிக் கட்டினால் நல்ல காற்று."

"குளிரூட்டின மண்டபத்துக்குக் காற்று என்னத்துக்கு?" என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. விதி அப்படித்தான் இருந்தது. அந்த விதியை எழுதிய உபவேந்தரின் கையும் மேசையின் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பிள்ளைகளிடம் வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பெட்டி கட்டியவர்கள் பெட்டியை அவிழ்த்துவிட்டார்கள்.

பொறுங்க சேர் எழும்பினார். குரல் நடுங்கியது.

"சேர், நாங்க ஒதுக்கினது முதலாளிய. வீட்டத் தந்தது முதலாளி இல்ல, அவர்ர மனுசி. அவ ஒரு பீடத்துக்கும் ஒதுக்கப்படல்ல. அவட பேரில நாங்க ஒரு கோப்பும் திறக்கல்ல."

பீடாதிபதி சுற்றுநிருபத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். கணவனை ஒதுக்கினால் மனைவியும் சேர்த்தி என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மனைவி என்ற சொல்லே அதில் இருக்கவில்லை.

உபவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால், அந்த அம்மாவை அணுக அனுமதி கொடுத்தது யார்?"

"ஆருமில்ல சேர்."

"அனுமதியில்லாமல் போய்க் கேட்டது யார்?"

நான் எழும்பப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, கையால் இருங்கள் என்று காட்டினார்.

"நான்தான் கேட்டன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கவில்லை. அப்படி நிமிர்ந்து நின்று அவர் எதையும் சொன்னதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவில் சால்வை போட்டு நிற்பவர்களிடம்கூட அந்தப் பெருமையைக் கண்டதில்லை.

வீடு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மாரி தொடங்குவதற்கு முன்பு பாய், வாளி, அடுப்பு எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் குடிபோனார்கள். வாசலில் பதிக்கவென்று பல்கலைக்கழகம் செய்வித்த கல்லில் முதலாளியின் பெயர் இருந்தது. முதலாளியே அதைத் திருப்பி அனுப்பி, "என்ட பேர வச்சா ராவைக்கு எனக்குச் சோறில்ல" என்று சொல்லிவிட்டார். பிறகு வேறு கல் வந்தது.

அனுமதியில்லாமல் கொடையாளரை அணுகியதற்காகப் பொறுங்க சேரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் கொடுக்கவில்லை, குற்றத்தை ஒத்துக்கொண்டார். அந்த அலகு இருந்த காலம் முழுவதிலும் அதன் விதியின் கீழ் தண்டனை பெற்ற ஒரே ஆள் அதன் ஒருங்கிணைப்பாளர்தான். அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். சோக்கட்டி, காகிதம், மின்குமிழ், விளக்குமாறு எல்லாம் வழங்கும் இடம். அலகைப் பூட்டினார்கள். பலகையைக் கழற்றிய பிறகு யன்னலுக்கு வெளிச்சம் வந்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு நுளம்பு வலையும் மின்குமிழும் தேவைப்பட்டபோது, ஊழியரை அனுப்பாமல் நானே களஞ்சியத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். நெஞ்சுயரத்தில் ஒரு சின்ன யன்னல், அதற்குப் பின்னால்தான் பொதுவாகக் களஞ்சியப் பொறுப்பாளர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அந்த யன்னல் சாத்தியிருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. பொறுங்க சேர் வெளியே வந்து வரிசையோடு நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்து, "உங்களுக்குக் காகிதம்தானே? உள்ள இருக்கு, எடுங்க", "உங்களுக்கு வாளி" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். கணக்காய்வாளர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நான் யோசித்தேன். சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னைக் கண்டதும் சிரித்தார்.

"சேர், அந்த வீட்டுக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"கேக்காதீங்க மிஸ்" என்று அவசரமாக உள்ளே போய், நுளம்பு வலைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "புள்ளயள் வந்து வரிசையில நிக்கவேணாம். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."